உற்றவர் எண்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இளையவர்கள் பூட்டக்கா என்றார்கள். முதலாளி எந்த வேலைக்கும் தலையாட்டும் முன்பு, "பூட்டு என்ன சொல்லுது?" என்று கேட்பார். பட்டப்பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவளே தன் கைப்பையின் ஜிப்பில் ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைபவள்தான்.

குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையின் மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து கைபேசிச் செயலி செய்யும் கம்பெனி அது. வருகிறவர்கள் இரண்டு பீங்கான் தொட்டிகளையும் வரிசையாக நிற்கும் கழிப்பறைக் கோப்பைகளையும் தாண்டித்தான் எதிர்காலத் தொழில்நுட்பத்தை அடைய வேண்டும். ஆறு பேர் கட்டுவார்கள். அவள் ஒருத்தி உடைத்துப் பார்ப்பாள். எந்த வழியாகத் திருடன் உள்ளே வருவான், எந்த ஓட்டை வழியாக ஒருவருடைய ரகசியம் இன்னொருவருக்குக் கசியும் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் உத்தியோகம். இப்படிப்பட்ட ஆளை யாருக்குப் பிடிக்கும்? மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவள் வந்ததும் பேச்சு கொஞ்சம் குறையும். அவளும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவாள். இதில் யாருக்கும் யார் மீதும் வருத்தம் இருந்ததில்லை.

அவர்கள் செய்த செயலி தனியாக வாழ்கிறவர்களுக்கானது. காலை ஏழு மணிக்குக் கைபேசி, "நலமா?" என்று கேட்கும். புதிதாக உள்ளே நுழைகிறவரை எந்த நேரமானாலும் உடனே கேட்கும். பச்சை வட்டத்தை ஒருமுறை தட்டினால் போதும். நீங்கள் யாரை உற்றவர் என்று குறித்து எண் கொடுத்திருக்கிறீர்களோ அவருக்கு, இன்னார் நலம் என்று நேரத்தோடு ஒரு செய்தி போகும். ஒன்பது மணிவரை தட்டாவிட்டால் அதே உற்றவருக்கு எச்சரிக்கை போகும். அவர் ஓடி வருவதோ, பக்கத்து வீட்டுக்குச் சொல்வதோ அவர் பாடு. உற்றவர் இல்லாமல் கணக்கு இல்லை. செய்தி போக ஆளே இல்லாதபோது கேட்டு என்ன பயன்?

இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பூட்டு எதற்கு என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். "உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்பாள். "தனியா இருக்கறவங்க வீட்டு விலாசம், என்ன வியாதி, என்ன மாத்திரை, மாத்துச் சாவி எந்தப் பூந்தொட்டிக்குக் கீழ இருக்கு, எல்லாம் இருக்கு. திருடனுக்கு இதவிட வேற என்ன வேணும்?" கேட்டவன் தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

முதல் வருடத்திலேயே அவள் ஒரு வேடிக்கையான ஓட்டையைக் கண்டுபிடித்தாள். உற்றவர் எண்ணைக் கேட்கும் கட்டத்தில் சொந்த எண்ணையே போட்டாலும் செயலி ஏற்றுக்கொண்டது. தலைமை நிரலாளனைத் தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனிடம் போய் இதை மாற்றச் சொன்னாள். அவனுக்குத் தலைக்கு மேல் வேலை.

"யாருக்கா தன் நம்பரையே போட்டுக்குவாங்க? எனக்கு ஒண்ணுன்னா எனக்கே சொல்லுன்னா?"

"ஏதாவது ஒரு கிறுக்கு போடும்."

"போட்டாப் போகட்டுமே."

"அந்தக் கிறுக்கு செத்துக் கிடந்தா ஒருத்தருக்கும் தெரியாது. மாத்து."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். சொந்த எண்ணைப் போட்டால் திரையில் வரவேண்டிய வாக்கியத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள். உங்கள் எண்ணையே உற்றவராகச் சேர்க்க இயலாது. அவள் எழுதும் வாக்கியங்கள் எல்லாமே இப்படித்தான், முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயத்தில் அவள் போட்ட சண்டை பெரிது. பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் ஒருவர் தட்டவில்லை என்றால் கணக்கைத் தானாக மூடிவிடலாம் என்றான் தாடி. கூடாது என்று இவள் கரடியாகக் கத்தினாள். "மிஷின் யாரையும் செத்துட்டாருன்னு சொல்லக் கூடாது. உற்றவர் வந்து சொல்லட்டும். அவங்க மூடினாத்தான் மூடணும்." அவள் பக்கம் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அப்படியே ஆயிற்று.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஒருமுறை ஆகி, இரண்டு வருடத்தில் இருதரப்பும் கும்பிட்டு விலகிக்கொண்டாயிற்று. கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா, இவள் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டாள். மிச்சமிருந்தது அப்பா ஒருவர். பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரில், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டோடு கிடந்த மனுஷர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வீடு பார்த்துக்கொண்டது அவருடைய ஒரே நகைச்சுவை.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு வராது. போன் போட்டால், "சாப்பிட்டியா?", "ம்", "உடம்பு?", "இருக்கு", "சரி, வெச்சுடு" என்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். செயலி வந்ததும் அவள் முதலில் சேர்த்தது அவரைத்தான். அவருக்கு உற்றவர் அவள். அவளுக்கு உற்றவர் அவர். அவருடைய கணக்கில் அவளுக்குப் பெயர் மகள். அவளுடைய கணக்கில் அவருக்குப் பெயர் அப்பா.

அதன்பிறகு அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் பச்சை வட்டத்தில் நடந்தது. அப்பா நலம், 7.04 என்று வந்தால் எல்லாம் வழக்கம்போல. 7.20 என்றால் குளித்துவிட்டு வந்து தட்டியிருக்கிறார். 7.45 என்றால் முழங்கால் வலி, எழுந்திருக்க நேரமாகியிருக்கிறது. அன்று மாலை போன் போட்டு, "கால் வலியா?" என்பாள். "உனக்கு யார் சொன்னா?" என்பார். இப்படி ஓர் ஆசை வார்த்தை அவர்களுக்குள் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. செயலி அவ்வப்போது ஆளை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நுழைய ஓடிபி கேட்கும். அப்பாவுக்குக் கை நடுக்கம். ஆறு எண்களில் நாலைத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை தவறினால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் அவள் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விசாரிப்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஓடிபிக்குக் காத்திருக்க முடியாது என்பதால், சில எண்களை ஒரு பட்டியலில் போட்டுவைப்பார்கள். அந்த எண்களுக்கு மட்டும் ஓடிபி தவிர மாறாத ஒரு குறியீடும் செல்லும். எந்தக் கைபேசியிலிருந்தும் நுழையலாம். செயலி ஊருக்குள் போகும் முன்பு அந்தப் பட்டியலைக் காலி செய்துவிட வேண்டும். செய்ய மறந்து மாட்டிக்கொண்ட கம்பெனிகளின் கதை அவளுக்கு நூறு தெரியும். சோதனை எண் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவளே அவள்தான்.

அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துதான், ஒரு மத்தியானம் கமுக்கமாக, அப்பாவின் எண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்தாள். பக்கத்தில் குறிப்பும் எழுதினாள். அப்பா, தற்காலிகம். குறியீடு ஆறு ஒன்றுகள். நடுங்கும் விரல் ஒரே இடத்தில் ஆறு முறை விழுந்தால் போதும். அவள் வேலையை அவளைத் தவிர வேறு யாரும் சோதிப்பதில்லை. ஆகவே தற்காலிகம் இரண்டு வருடம் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு அவளுக்கு எச்சரிக்கை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அப்பா படுக்கையிலேயே போயிருந்தார். செயலி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். தாடி ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, மூலையில் நின்றுவிட்டுப் போனான்.

எல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்து, அப்பாவின் கைபேசியை யாருக்கோ கொடுத்து, அவள் ஊர் திரும்பினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுடைய கைபேசி, "நலமா?" என்றது. தட்டினாள். ஏழு ஐந்தானது. ஏழு பத்தானது. ஒன்றும் வரவில்லை. ஒன்பது மணிக்கு எச்சரிக்கை வந்தது. அடுத்த நாளும் வந்தது. கணக்கை மூடினால் நின்றுவிடும், மூட வேண்டியவள் அவள்தான். மூடவில்லை.

ஐந்தாம் நாள் அவள் கைப்பைக்குள் கிடந்த சோதனைக் கைபேசியை எடுத்தாள். அப்பாவின் எண்ணைப் போட்டு, ஆறு ஒன்றுகளைத் தட்டி, உள்ளே போய், சரியாக 7.04க்குப் பச்சை வட்டத்தைத் தொட்டாள். சமையல் மேடை மேலிருந்த அவளுடைய கைபேசி மினுங்கியது. அப்பா நலம், 7.04.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்க்கிறவள், செத்துப்போன மனுஷருக்குத் தினமும் நலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அந்தச் செய்தி வந்தால்தான் அடுப்பைப் பற்றவைக்க முடிந்தது. எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் செய்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு நகர நிர்வாகம், தன் எல்லைக்குள் தனியாக வாழும் நாலாயிரம் முதியவர்களுக்கு இந்தச் செயலியைக் கொடுப்பதாக இருந்தது. கம்பெனிக்கு இது வாழ்வா சாவா என்கிற சமாசாரம். வியாழக்கிழமைக்குள், பாதுகாப்பு சரிபார்க்கப்பட்டது என்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் போக வேண்டும். முதலாளி திங்கட்கிழமையே காகிதத்தை அவள் மேஜை மேல் வைத்து, பேனாவையும் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைபேசி மினுங்கியது. அப்பா நலம், 6.31.

பிரஷ் வாயிலேயே நின்றது. அவள் இன்னும் தட்டவில்லை. சோதனைக் கைபேசி பைக்குள், பை பூட்டியிருக்கிறது. தவிர, ஆறரை மணிக்கு அப்பா எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நெஞ்சு சந்தோஷப்பட்டது. அதை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள். பையைத் திறந்து சோதனைக் கைபேசியைப் பார்த்தால், உங்கள் கணக்கு வேறொரு கைபேசியில் திறக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

அரக்கப் பரக்க அலுவலகம் போனாள். ஆறு ஒன்றுகள் வெளியே கசிந்துவிட்டன, எவனோ புகுந்துவிட்டான், தன்னால்தான் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். யாரும் ஆறு ஒன்றுகளைப் போடவில்லை. முறையாக ஓடிபி போயிருக்கிறது, அதே எண்ணுக்கு. வந்த ஓடிபியை முறையாகப் போட்டு முறையாக நுழைந்திருக்கிறார்கள். அவள் போன மாதமும் அதற்கு முந்திய மாதமும் நடத்திய எல்லாப் பரீட்சையிலும் இந்த ஆள் தேறிவிடுவார்.

பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பணம் கட்டாமல் விட்ட எண்ணைத் தொலைபேசிக் கம்பெனி சில மாதம் வைத்திருந்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஊர் அறிந்த விஷயம். அவளுடைய சோதனைக் கைபேசிகளில் எண்கள் கை மாறுவதில்லை என்பதால் அவளுக்கு மட்டும் தோன்றவில்லை. உற்றவர் மூடாத கணக்கு ஒவ்வொன்றும் திறந்து கிடக்கும் வீடு. புதிதாக எண் வாங்கியவர் உள்ளே வந்தால், போனவருடைய விலாசம், சாவி இருக்கும் இடம், மகள், மகன், எல்லாம் அவர் கையில். அவர் விளையாட்டாக வட்டத்தைத் தட்டினால், செத்தவர் நலம். படுக்கையில் விழுந்து கிடக்கிறவர்கூட நலம்.

இப்படி மாதக்கணக்கில் யாரும் தட்டாமல், யாரும் மூடாமல் எத்தனை கணக்கு இருக்கிறது என்று எண்ணினாள். நாற்பத்து மூன்று. தானாக மூடட்டும் என்று தாடி சொன்னதைக் கேட்டிருந்தால் ஒன்றுகூட இருந்திருக்காது.

அன்று முழுக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டையைச் சொன்னால், எப்படித் தெரிந்தது என்பார்கள். பதிவைப் பார்த்தால் எட்டு மாதமாக அவளுடைய சோதனைக் கைபேசியிலிருந்து அப்பா நலமாக இருப்பது தெரியும். பட்டியலில் அவர் எண் இருப்பது தெரியும். சொல்லாமலும் இருக்கலாம். பட்டியலில் ஒரு வரியை அழித்து, பதிவில் கொஞ்சம் அழித்து, நேற்று ராத்திரி யோசித்தபோது தோன்றியது என்று ஓட்டையை மட்டும் காட்டலாம். அழிப்பது எப்படி என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? முதலாளி ஐந்து மணிக்கு எட்டிப் பார்த்தார். "ஒரு கையெழுத்துதானே, நாள் பாக்கணுமா?" என்றார். அவள் நாளைக்கு என்றாள்.

புதன்கிழமை ஆறு மணிக்கே எழுந்து அலுவலகம் வந்துவிட்டாள். அழிப்பதா வேண்டாமா என்று பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குக் கைபேசி கேட்டது அவள் காதில் விழவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். தாடி டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். ஒன்பது மணி மூன்று நிமிடத்துக்கு மேஜை மேலிருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் பெரிதாக எழுத்து.

அப்பா.

தாடியும் அதைப் பார்த்தான். டீயைக் கீழே வைத்தான். ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் மூலையில் நின்றவன் அவன். அவள் எடுத்தாள்.

"ஹலோ, வணக்கங்க," என்றது ஒரு கரகரத்த குரல். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையை மறுபடி பார்த்தாள்.

"'உங்கள் மகள் ஒன்பது மணி ஆகியும் பதில் தரவில்லை'ன்னு, இந்த நம்பரோட எனக்கு மெசேஜ் வந்துச்சும்மா. எனக்கு மகள் கிடையாது. கல்யாணமே பண்ணிக்கல. நமக்கென்னன்னு பேசாம இருந்துடலாம்னுதான் பாத்தேன். முடியல. யாரு பெத்த புள்ளையோ, ஏதாவது ஆகிக் கிடந்தா?"

"நான் நல்லா இருக்கேன்," என்றாள். "தட்ட மறந்துட்டேன்."

"அப்பாடா," என்றார் அவர். நிஜமாகவே நிம்மதி அடைந்த குரல்.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலையாம். போன வாரம்தான் வேலைக்காக ஊர் மாறி வந்து புது எண் வாங்கினாராம். வாங்கிய மறுநாளிலிருந்து மகள் நலம், மகள் நலம் என்று செய்தி. அதில் இருந்த இணைப்பைத் தொட்டதும் செயலி வந்திருக்கிறது. அது கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார். "உள்ள போனா, நலமான்னு கேட்டுச்சு. இங்க வந்து பத்து நாள் ஆச்சும்மா, ஒருத்தர் கேக்கல. சரி, கேக்குதேன்னு அமுக்கினேன். தப்பா?"

"தப்பு இல்லீங்க," என்றாள். "அந்தக் கணக்கு எங்க அப்பாவோடது. அவரு இல்ல. நான்தான் மூடாம விட்டுட்டேன். இன்னொரு வாரத்துல மூடிடுவோம்."

"அப்ப அதுக்கப்புறம் கேக்காதா?"

"நீங்க உங்க பேர்ல புதுசா ஆரம்பிக்கலாம். உற்றவர்னு ஒருத்தரோட நம்பர் மட்டும் கொடுக்கணும்."

எதிர்முனையில் மூட்டைகள் விழும் சத்தம் கேட்டது. "அதுக்கு யாரைப் போடறது?" என்றார்.

அவள் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள். அவரே, "சரிம்மா, உடம்பப் பாத்துக்குங்க," என்று வைத்துவிட்டார்.

"யாருக்கா அது?" என்றான் தாடி.

தப்பிப்பதற்கு அந்த நிமிடத்திலும் வழி இருந்தது. தப்பான நம்பர் என்றால் அவன் அதற்கு மேல் கேட்கிற ஆள் இல்லை. அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பட்டியலில் இருந்த வரியை விரலால் காட்டினாள். அப்பா, தற்காலிகம். பிறகு எட்டு மாதத்துப் பதிவு. 7.04, 7.04, 7.04 என்று ஒரே நேரம் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போனது. தாடி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

முதலாளி முழுக்க நின்றுகொண்டே கேட்டார். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்களா?" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளைக்குக் கையெழுத்து?"

"போட மாட்டேன். ரெண்டு வாரம் வேணும்."

"அந்த நாலாயிரம் பேரு கை விட்டுப் போனா?"

"போட்டு அனுப்பினா அதுல எத்தனை வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பாஸ். என்னைய அனுப்பணும்னா அனுப்பிடுங்க. ஆனா இது சரியாகற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அவர் அவளை அனுப்பவில்லை. நகர நிர்வாகத்துக்குப் போன் போட்டு, கெஞ்சி, இரண்டு வாரம் வாங்கினார். ஆனால் இனிமேல் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தாடியின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்றார். பன்னிரண்டு வருடத் தொழிலில் அவள் கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்து துணை வந்தது அப்போதுதான். அது அவளைச் சுட்டது. நியாயம்தான் என்பதால் இன்னும் சுட்டது.

ஓட்டையை அடைத்தார்கள். மாதக்கணக்கில் தட்டாத எண்ணிலிருந்து புதிய கைபேசியில் யாராவது நுழைந்தால், உற்றவர் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். சோதனைப் பட்டியல் காலியானது. அந்த வரியை அவள்தான் அழிக்க வேண்டும் என்று தாடி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். நாற்பத்து மூன்று கணக்குகளின் உற்றவர்களுக்கும் அவளே ஒவ்வொருவராகப் போன் செய்தாள். வேறு யாரையும் செய்ய விடவில்லை.

ஒருவர்கூட மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. "மூடணும்னுதான் இருந்தேன்," என்றார் ஒருவர். "எச்சரிக்கை வருதில்ல, வரட்டும்னு விட்டுட்டேன்," என்றாள் ஒருத்தி, தங்கையை இழந்தவள். ஒருவர் நீளமாக அழுதார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவர்களில் யாரும் போனவருக்குப் பதிலாகப் பச்சை வட்டத்தைத் தட்டியிருக்கவில்லை. அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் மிச்சமிருந்தது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் மேடைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் கைபேசியில் அப்பாவின் கணக்கைத் திறந்தாள். மூடுவதற்குக் காரணம் என்ன என்று கேட்டது. எண் மாறிவிட்டது, செயலி தேவையில்லை, இவர் இப்போது இல்லை என்று மூன்று வரி. மூன்றும் அவள் எழுதியவை. மூன்றாவதைத் தொட்டாள். உறுதியாகவா என்றது. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். ஆம் என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. எட்டு மாதம் தாமதமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவளுடைய சொந்தக் கணக்கு காத்துக்கொண்டிருந்தது. உங்கள் உற்றவர் கணக்கு மூடப்பட்டது. புதிய உற்றவரைச் சேர்த்தால் மட்டுமே தொடர முடியும். கீழே காலியாக ஒரு கட்டம்.

கைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போனாள். குழாய் ரிப்பேர். கேஸ். தண்ணீர் கேன். பல் டாக்டர். வீட்டுக்காரர். முதலாளி. தாடியின் பெயரில் நின்றாள். அவனுக்கு இரண்டு வயதில் குழந்தை, காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் கேட்டால் சரி என்பான். இரக்கப்பட்டுச் சரி என்பான். மேலே போனாள்.

அப்பா என்ற பெயரில் இருந்த எண்ணை அவள் இன்னும் மாற்றவில்லை. அங்கே விரல் நெடுநேரம் நின்றது. அந்த மனுஷர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். ஒன்பது மணி மூன்று நிமிடத்துக்கு யார் பெற்ற பிள்ளைக்கோ போன் செய்தவர். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் உங்கள் விலாசத்தையும் சாவி இருக்கும் இடத்தையும் கொடுக்காதீர்கள் என்பது செயலியின் முதல் எச்சரிக்கை. சிவப்பு எழுத்தில் போடச் சொல்லி முதலாளியோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். பூட்டு என்று சும்மாவா பெயர்? விரலை எடுத்துவிட்டாள்.

மணி ஏழாக மூன்று நிமிடம் இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் ஏழு மணிக்கு அது கேட்காது. கேட்காமல் அந்த நாளை ஆரம்பிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேறு வழி தெரியாமல், மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணைக் கட்டத்தில் தட்டினாள். பத்து இலக்கங்கள். சேர் என்பதை அழுத்தினாள்.

உங்கள் எண்ணையே உற்றவராகச் சேர்க்க இயலாது என்றது செயலி.